இருபத்தெட்டுப் பெட்டிகள்

இருபத்தெட்டுப் பெட்டித் தேனீக்கள் செத்து நாற்பத்தாறு மணி நேரம் ஆனபோது, இழப்புக்கு மதிப்புப் போடுகிற பெண் பேருந்திலிருந்து இறங்கினாள். முதுகில் பை. அக்குளில் சுருட்டி வைத்த கொசுவலை. கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் படம் வரைகிற மெல்லிய தூரிகைகள் ஆறு. வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது.

தேனீ வளர்க்கிற பெட்டிக்காரரின் மனைவி நிறுத்தத்தில் காத்திருந்தாள். விவசாயிகள் சங்கத்துச் செயலாளர்தான் அவளை அனுப்பியிருந்தார். "உங்களுக்குப் பூவும் தெரியும், தேனீயும் தெரியும். அந்தப் பொண்ணு கூட நாலு நாள் நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். மாட்டேன் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

"செத்தது உங்க தேனீங்களாக்கா?"

"ஆமாம்மா."

"ஐயோ, பாவம்."

பாவம் தேனீயா, தானா என்று அவள் கேட்கவில்லை. பெண்ணின் கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"மருந்து அடிச்சவர் ஒத்துக்கிட்டாராமே? எனக்கு அனுப்பின காகிதத்துல இருந்துச்சு."

"ம்."

"அப்போ எனக்கு வேலை சுலபம். எதனால செத்துச்சுங்கறது என் வேலை இல்லக்கா. அதை அவங்க எழுதிட்டாங்க. போனது எவ்வளவுன்னு போடறது மட்டும்தான் என் வேலை."

ஆற்றோரப் பாதையில் வெயில் கொளுத்தியது. பெண் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் தர்பூசணிதான். ஆற்றை ஒட்டிக் கீழ்வயல். மலை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் மேல்வயல். தர்பூசணிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். மதியம் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ வந்துபோக வேண்டும். வராவிட்டால் பூவுக்கு அடியில் இருக்கிற சுண்டுவிரல் நுனியளவு பிஞ்சு மஞ்சளடித்து இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அரைகுறையாக வந்தால் காய் ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் சூம்பிப் போகும். சந்தையில் அந்தக் காயைக் கையால்கூடத் தொட மாட்டார்கள், காலால் தள்ளுவார்கள்.

அதனால் பூக்கிற மூன்று வாரமும் பெட்டிக்காரரின் அறுபது தேனீப் பெட்டிகள் அங்கே வாடகைக்கு வரும். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். இந்த வருடம் ஒப்பந்தம் மாறியது. நகரத்திலிருந்து வந்தவர்கள் வாடகை என்ற சொல்லை எடுத்துவிட்டு மகரந்தச் சேவை என்று எழுதினார்கள். யாராவது அந்தச் சேவையைக் கெடுத்தால் செத்த பூச்சிக்கு விலை கொடுத்தால் போதாது. அந்தப் பூச்சி செய்திருக்கக்கூடிய வேலைக்கு என்ன மதிப்போ அதைக் கொடுக்க வேண்டும். வயல் வைத்திருக்கிறவர்கள், ஒட்டி வயல் வைத்திருக்கிறவர்கள், பெட்டி வைக்கிறவர் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெட்டிக்காரருக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்ப் பெட்டிகளுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். "பாருங்கடா, உங்களுக்கும் சம்பளம் போட்டாச்சு. இத்தனை வருஷமா ஓசியில உழைச்சீங்க."

பக்கத்தில் நின்ற தக்காளிக்காரர், "அப்போ பென்ஷன் உண்டா சகலை? கேட்டுச் சொல்லுங்க. நானும் ஒரு கொடுக்கு ஒட்டிக்கிட்டு உங்க பெட்டிக்குள்ள வந்து உக்காந்துடறேன்" என்றார்.

தக்காளிக்காரர் அவளுடைய அக்காவின் கணவர். கீழ்வயலை ஒட்டி வாய்க்காலுக்கு மேற்கே அவருடைய நிலம். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தர்பூசணி போடாத ஒரே ஆள். "எல்லாரும் தர்பூசணி போட்டா யாருதான் அதை வாங்கித் திங்கறது?" என்பார். வாயைத் திறந்தால் கேலிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்தியா, கொழுந்தியா என்று இவளை வம்பிழுக்காமல் ஒரு நாளும் விட்டதில்லை.

இப்போது அவர் பேரைத்தான் மருந்து அடித்தவர் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள்.

*

பெட்டியை இடம் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாயங்காலம் தேனீயெல்லாம் திரும்பிய பிறகு வாசலில் ஒரு மரக்கட்டையைச் செருகி மூட வேண்டும். விடியும் முன் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்கின கையோடு திறக்கக் கூடாது. குலுங்கின ஆத்திரத்தில் வெளியே பாய்ந்து வழி தெரியாமல் போய்விடும். அரை மணி நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கட்டாயம் திறக்க வேண்டும். உருவின கட்டைகளை வாளியில் போட்டு, கடைசியில் எண்ண வேண்டும். அறுபது பெட்டிக்கு அறுபது கட்டை. "கட்டை?" என்று அவர் கேட்பார். "அறுபது" என்று அவள் சொல்வாள். அதைக் கேட்காமல் அவர் வேனைக் கிளப்பியதில்லை. பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் இது தெரியும். சிறுசுகள்கூட அவளைக் கண்டால், "கட்டை? அறுபது!" என்று கத்தும்.

கட்டைக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பது வழக்கம், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று. ஆனால் போன வாரம் தச்சர் இருபத்தெட்டுப் பெட்டிகளுக்கு வாசலை அகலப்படுத்தித் தந்திருந்தார். அவற்றுக்குப் புதுக் கட்டைகளை அவளே அறுத்தாள். பெயின்ட் அடிக்க நேரம் இல்லை. பெட்டியும் மரநிறம், கட்டையும் மரநிறம்.

அன்றைக்கு முதலில் மேல்வயலில் முப்பத்திரண்டு பெட்டிகளை இறக்கினார்கள். பொறுத்திருந்து திறந்தார்கள். பிறகு கீழ்வயலுக்கு வந்து மீதி இருபத்தெட்டையும் இறக்கியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அவர் வேனில் ஏறிச் சாய்ந்தார். அவள் தேனீக்கள் குடிக்கத் தண்ணீர்த் தட்டு வைக்க வேண்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். நாலு நடை. தட்டுகளை நிரப்பி, மூழ்கிச் சாகாமல் இருக்கக் கூழாங்கல் போட்டு, அவள் வேனுக்குத் திரும்பியபோது அவர் விழித்துக்கொண்டிருந்தார். பெட்டிப் பக்கமிருந்து அவள் வருவதைப் பார்த்தார். திறந்துவிட்டு வருகிறாள் என்று நினைத்தார். தான் தண்ணீருக்குப் போன நேரத்தில் அவர் திறந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"கட்டை?" என்றார்.

வாளி அவள் காலடியில் இருந்தது. குனிந்து எண்ணினாள். "அறுபது."

வேன் கிளம்பியது.

இரண்டு மணிக்குச் செயலாளர் போன் செய்தார். மேல்வயலில் பூவுக்குப் பூ தேனீ இருக்கிறது, கீழ்வயலில் ஒன்றைக்கூடக் காணோமே, என்ன விஷயம் என்று கேட்டார். இருவரும் போனார்கள். பெட்டிகள் வெயிலில் வரிசையாக இருந்தன. எந்தச் சத்தமும் இல்லை. இருபத்தெட்டுப் பெட்டி இருக்கிற இடத்தில் சத்தம் இல்லாமல் அவள் ஒரு நாளும் நின்றதில்லை. காதில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள்.

அவர் முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. தேனடைகள் உருகிச் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தேனீக்கள் வாசலை ஒட்டிக் குவிந்திருந்தன. கறுப்பாக, நனைந்து, பிழிந்து எறிந்த தேயிலைச் சக்கை மாதிரி. அவர் கையை உள்ளே விட்டு அள்ளினார். கை முழுக்கத் தேன் வழிந்தது. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. வாசலில் விரலை வைத்துத் தடவினார். கட்டை தட்டுப்பட்டது.

"திறக்கலியா?" என்றார். அவளைக் கேட்கவில்லை. பெட்டியைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

பிறகு அவர் செய்ததையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ஓடி ஓடி எல்லாக் கட்டைகளையும் உருவினார். சட்டைக்குள் போட்டுக்கொண்டார். செத்ததையெல்லாம் வெளியே உதறினார். உருகின அடைகளை வேனில் ஏற்றித் தார்ப்பாய் போட்டார். கடைசிப் பெட்டியை உதறி முடிக்கும்போது செயலாளர் வண்டியில் வந்து இறங்கினார். தரையெல்லாம் தேனீ கிடப்பதைப் பார்த்தார். மேற்கேயிருந்து காற்று வீசியது. தக்காளி வயலிலிருந்து மருந்து வாடை வந்தது.

"அடப்பாவி," என்றார் செயலாளர். "காலங்காத்தால மருந்து அடிச்சுட்டானா உங்க சகலை?"

பெட்டிக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று செயலாளர் அவர் தோளைத் தட்டினார். அவளும் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "நான் தூங்கிட்டேன். அது என் தப்புதான். ஆனா நீ எண்ணினியே. அறுபது எப்படி வந்துச்சு?"

"இருட்டுல எண்ணினேன்," என்றாள். அவளுக்குப் பதில் தெரியும். கட்டை அவர் விரலில் தட்டுப்பட்ட அந்த நொடியே தெரிந்துவிட்டது.

*

மதிப்புப் போடுகிற பெண்ணோடு காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கும். அன்று திறக்கப்போகிற பெண்பூக்களை அவள் தேடிக் காட்டுவாள். பெண் சிலவற்றுக்கு வலைப் பை போட்டு நீல நூல் கட்டுவாள். தேனீ அறவே தொடக் கூடாத பூக்கள் அவை. சிலவற்றைத் தூரிகையால் தொட்டுவிட்டுப் பச்சை நூல் கட்டுவாள். மீதியை அப்படியே விட்டுவிடுவாள். கீழ்வயலில் நூறு, மேல்வயலில் நூறு. நாலு நாள் கழித்து எந்தப் பூ பிஞ்சு பிடித்தது, எது உதிர்ந்தது என்று பார்த்தால் தேனீயின் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

"தூரிகையை எப்படிப் பிடிக்கணும்?" என்று அவள் கேட்டாள்.

"ஆண்பூவுல ரெண்டு சுத்து. அந்த மஞ்சத் தூளை எடுத்துட்டுப் போய்ப் பெண்பூ நடுவுல மூணு மடலா இருக்கற முடிச்சுல வைங்க. மூணு பக்கமும் படணும். ஒரு பக்கம் விட்டா அந்தப் பக்கம் காய் சூம்பும்."

"எத்தனை தடவை?"

"தேனீன்னா எட்டுத் தடவையாவது வரணும். உங்க கை கொஞ்சம் பெருசு, நாலு போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு சங்கடமாக இருந்தது. குனிந்து தொடங்கினாள். ஒரு பூ முடிய ஒரு நிமிடம் ஆயிற்று. பத்துப் பூவுக்குள் இடுப்பு விட்டுப்போனது. வெயில் முதுகில் உறைத்தது. முப்பதாவது பூவில் கை தவறி மஞ்சள் தூள் மண்ணில் கொட்டியது.

"ஒரு பெட்டியில எத்தனை தேனீக்கா இருக்கும்?"

"வேலைக்குப் போறது மட்டும் பதினைஞ்சாயிரம் இருக்கும்."

"அப்போ இருபத்தெட்டுப் பெட்டி..." பெண் மனதுக்குள் பெருக்கினாள். "நாலு லட்சம் பேர் காலையில எழுந்து வேலைக்கு வர்ற மாதிரி. இதை ஆள் வெச்சுத் தூரிகையால செஞ்சா இந்தப் பள்ளத்தாக்குல இருக்கற அத்தனை ஜனமும் பத்தாது. யாரும் கூலி கேக்கலங்கறதால யாருக்கும் இது தெரியறதில்ல."

"அதுங்க நமக்காகவா செய்யுது? அது பாட்டுக்குத் தன் வயித்தைப் பார்க்குது."

"அதுவும் சரிதான்," என்றாள் பெண். எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு, "நான் இதுக்கு விலை போடறது எனக்கே சில நேரம் பிடிக்கலக்கா. ஆனா போடலைன்னா பூஜ்யம்னு எடுத்துக்கறாங்க" என்றாள்.

மதியம் வரப்பு மரத்தடியில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அவளுக்கு இறங்கவில்லை. கீழ்வயலில் அப்படியே விட்ட பூக்களைச் சுற்றி எதுவும் பறக்கவில்லை. விரிந்து, காத்திருந்து, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒரு பூவாவது தப்பிக்காதா என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் தக்காளிக்காரர் வாய்க்காலைத் தாண்டி வந்தார். கேலி செய்யாமல் அவர் பக்கத்தில் வந்து நின்றது அதுவே முதல் தடவை. சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். பெண் நாலு வரிசை தள்ளி வலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா."

"உன் புருஷன் என்னைப் பார்த்தா ஒதுங்கிப் போறாரு. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்." அவர் வரப்பில் குந்தினார். "ஆறு மணிக்கு அடிச்சேன் கொழுந்தியா. சாயங்காலம்தான் அடிக்கணும், தெரியும். பெட்டி வருதுன்னும் தெரியும். இலையில புழு. ஒரு நாள் விட்டா மொத்தமும் போயிடும்னு பயந்துட்டேன். காத்து கிழக்கே அடிக்கலைன்னுதான் நெனச்சேன். விரலை நனைச்சுத் தூக்கிக்கூடப் பார்த்தேன்."

"மாமா..."

"இரு, சொல்லிடறேன். உங்க அக்காகிட்டக்கூட முழுசாச் சொல்லல. அன்னிக்குச் செயலாளர் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. தரையெல்லாம் கெடந்துச்சு. எனக்குச் சோறு இறங்கல. கண்ணை மூடினா அதுங்கதான். நான் எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன், கொடுக்கு ஒட்டிக்கறேன், பென்ஷன் வேணும்னு. கடைசியில நானே அதுங்களுக்கு எமனாயிட்டேன் பாரு."

அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுகிறானே என்று கூசாமல், மூக்கைத் துண்டில் சிந்திக்கொண்டு அழுதார். அவள் தூரிகையைப் பிடித்தபடியே நின்றாள். நீங்க இல்ல மாமா என்று மூன்றே சொற்கள் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று ஒருவர் தன் காலடியில் உட்கார்ந்து அழும்போது, செய்தவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று அவளுக்கே அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எவ்வளவு வருமோ குடுத்துடறேன்," என்று அவர் எழுந்தார். "பெட்டி விலைதானே. ரெண்டு அறுப்புல அடைச்சுடுவேன். நீ மட்டும் மனசுல வெச்சுக்காதே."

*

அன்று சாயங்காலம் பெட்டிக்காரர் பின்வாசலில் காலிப் பெட்டிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மெழுகு வாடை வீடு முழுக்க இருந்தது.

"சொல்லிடலாங்க," என்றாள்.

"என்னத்தை?"

"பெட்டி மூடியிருந்ததை."

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? வாசலைத் திறக்க மறந்தவன்னு ஒரு தடவை பேரு வந்தா எந்தப் பள்ளத்தாக்குலயும் நம்ம பெட்டியை இறக்க விடமாட்டான். மீதி முப்பத்திரண்டை வெச்சுக்கிட்டு நக்கறதா?"

"மாமா அழுதாரு."

"எனக்கு மட்டும் கல்லு மனசா? சகலை முகத்தைப் பார்க்க முடியாமத்தான் ஓடி ஒளியறேன்." சுரண்டியைக் கீழே வைத்தார். "பாரு, என்ன வரப்போகுது? பூச்சி விலை, அடை விலை, அவ்வளவுதான். ஒரு வருஷம் போகட்டும். நானே அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுத்துடறேன். தேன் வித்ததுன்னு சொல்லிக் குடுத்துடறேன்."

"அந்தப் பொண்ணு பூச்சிக்கு விலை போடல. வேலைக்குப் போடறா."

"போடட்டும். பூச்சி வேலைக்கு என்ன பெரிய விலை வந்துடும்? பன்னிரண்டு வருஷமா நாம வாங்கின வாடகை எவ்வளவுன்னு நமக்குத் தெரியாதா?"

அவளும் அதை நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

கடைசி நாள் நூல் கட்டின பூக்களைப் பார்க்கப் போனார்கள். கீழ்வயலில் பச்சை நூல் கட்டினவற்றில் முக்கால்வாசி எலுமிச்சை அளவுக்குத் திரண்டிருந்தன. அவள் கையால் தொட்ட பிஞ்சுகள். அப்படியே விட்டவற்றில் நூறுக்கு நாலு நின்றன. மீதி தொட்டதும் உதிர்ந்தன. வரிசை வரிசையாகக் கொடிக்கடியில் மஞ்சளாகக் கிடந்தன. பெண் குனிந்து எண்ண எண்ண, இவள் நோட்டில் கோடு போட்டாள். பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"முதல்ல பூத்த பூ மொத்தமும் போச்சுக்கா," என்றாள் பெண். குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு இருக்கும்னு நானே நெனைக்கல."

*

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குச் சங்கத்து அறையில் கூடினார்கள். நீள மேசை, எடைத் தராசு, சுவரில் பூச்சி மருந்துக் கம்பெனிக் காலண்டர். மின்விசிறி ஓடினாலும் காற்று வரவில்லை. கீழ்வயல்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். அக்காவும் தக்காளிக்காரரும் முன்னால் நாற்காலியில். அக்கா இவளைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"வாடி, உக்காரு. முகமெல்லாம் ஏன் இப்படி வத்திக் கெடக்கு? போனது போச்சு, விடு. எங்க வீட்டு ஆளு பண்ணினதுக்கு நீ எதுக்குச் சாப்பிடாமக் கெடக்கே?"

அவள் உட்கார்ந்தாள். பெட்டிக்காரர் வாசல் ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

மதிப்புப் போடுகிற பெண் எழுந்தாள். ஒரு கொடியில் எத்தனை காய், ஒரு வயலில் எத்தனை கொடி, தேனீ இருந்தால் எத்தனை நிற்கும், இல்லாமல் எத்தனை நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கடைசி வரியில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொகையைப் படித்தாள்.

செயலாளர் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவை படிம்மா," என்றார் செயலாளர்.

படித்தாள். அதே தொகைதான்.

சுவரோரம் நின்ற ஒருவர், "இது பெட்டி விலை மாதிரி இல்லையே. நாற்பது மடங்கு இருக்கும் போலிருக்கே" என்றார். அவருக்கே அந்தப் பணத்தில் பங்கு வரும். இருந்தாலும் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பெட்டி விலை இல்லீங்க. அதுங்க செய்யற வேலையோட மதிப்பு. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

தக்காளிக்காரர் சிரித்தார். பழக்கதோஷம். "என் நிலத்தை வித்து, வீட்டை வித்து, என்னையும் சேர்த்து வித்தாலும் பாதிக்குக் காணாதே. என்னைய யாரு வாங்குவா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் வாயிலேயே நின்றுபோனது. அக்கா தங்கச்சியின் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. அக்காவின் கையா, தன் கையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. அவருக்கும் அந்தத் தொகை இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது. பெட்டிகளுக்கு முன்னால் ஒப்பந்தத்தை விரித்துக் காட்டிய மனிதர் அவர்தான்.

செயலாளர் காகிதத்தை மேசையில் நகர்த்தினார். பேனாவை எடுத்து வைத்தார். "நீங்க ஒத்துக்கிட்டது ஏற்கெனவே எழுத்துல இருக்கு. தொகைக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. எப்படிக் கட்டறதுங்கறதைப் பின்னால உக்காந்து பேசிக்கலாம்."

தக்காளிக்காரர் பேனாவை எடுத்தார்.

"போடாதீங்க மாமா."

தன் குரல்தான் என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"மருந்தால சாகல. பெட்டியைத் திறக்கவே இல்ல. ரெண்டு மணி வரைக்கும் வாசல் மூடியே கெடந்துச்சு. உள்ளேயே வெந்து செத்துச்சு. வெளிய உதறினது நாங்க."

அக்கா அவள் கையை விட்டாள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிதானமாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "இங்க பாரும்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. கூடப் பொறந்தவ தெருவுக்கு வர்றதைப் பார்த்துக்கிட்டு யாராலயும் சும்மா உக்கார முடியாது. அதுக்காக இப்படியா ஒரு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்குவே?"

"பழி இல்லீங்க. நெசம்."

"அக்கா புருஷனைக் காப்பாத்தப் பார்க்கறா," என்றது சுவரோரத்தில் ஒரு குரல்.

"ஏன்டி பைத்தியம்," என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "எங்களுக்காக உன் குடும்பத்தைக் கொளுத்துவியா? உக்காரு."

தக்காளிக்காரர் பேனாவை வைக்கவில்லை. "வேணாம் கொழுந்தியா. நான்தான் அடிச்சேன். என் கையாலதான் அடிச்சேன்."

"பெட்டிக்காரரே," செயலாளர் வாசலைப் பார்த்துக் கேட்டார், "உங்க சம்சாரம் சொல்றது உண்மையா?"

பெட்டிக்காரர் அவளைப் பார்த்தார். தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் கண் மட்டும் ஒரே ஒரு கேள்வியில் நின்றுகொண்டிருந்தது. ஒன்பது நாளாக அந்த வீட்டில் பதில் இல்லாமல் கிடந்த கேள்வி அது.

"அவர் என்ன சொல்லுவாரு," என்றார் செயலாளர். "ஊருக்கே தெரியுமேம்மா. கட்டையை எண்ணாம நீங்க வயலை விட்டு நகர மாட்டீங்க. அன்னிக்கும் நீ எண்ணினே. அறுபதுன்னு சொன்னே. உன் புருஷனே அன்னிக்கு மத்தியானம் என்கிட்ட போன்ல சொன்னாரு, எண்ணித்தான் வந்தோம், அறுபதும் திறந்தாச்சுன்னு. இருபத்தெட்டு வாசல் மூடியிருந்தா முப்பத்திரண்டுதானே வந்திருக்கணும்? அறுபது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் எழுந்து நின்றாள். செயலாளருக்குப் பதில் சொல்லவில்லை. வாசலில் நிற்கிற மனிதரைப் பார்த்துச் சொன்னாள்.

"தச்சர் வாசலைப் பெருசாக்கினதும் பழைய கட்டை பொருந்தல. இருபத்தெட்டையும் கழட்டி, அடுப்புக்கு ஆகும்னு, நான்தான் அந்த வாளியில போட்டு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். அது மேலதான் மேல்வயல் கட்டை விழுந்துச்சு. புதுக் கட்டைக்குப் பெயின்டே அடிக்கல. ஆனா வாளியில இருந்தது அறுபதும் சிவப்பு. நான் எண்ணினேங்க. பார்க்கல."